ஆலைப் பக்கத்து ஊரில் நிலத்தைக் காப்பது எப்படி?

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியும், அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் ஒரகடத்தைச் சுற்றியும் உள்ள கிராமங்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தவை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஏரியில் உள்ள தண்ணீரைப் பொறுத்து நெல் சாகுபடி நடந்தது. மேட்டு நிலத்தில் வேர்க்கடலையும், வீட்டுக்கு வீடு மாடுகளும் இருந்தன.

1996-ல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைக்க வந்து, 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலையும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் உற்பத்திக்கு வந்தன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் உள்ளன. இவற்றால் பல குடும்பங்களுக்கு வேலையும் வருமானமும் கிடைத்திருப்பதை மறுக்க முடியாது.

இந்த ஊர்களில் நிலம் முழுவதையும் கொடுத்துவிட்டவர்கள் உண்டு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று மிச்சம் வைத்திருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நகரத்தின் விளிம்பில் உள்ள ஊரில் நிலம் கைவிட்டுப் போவது, விற்கும் நாளுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. பட்டாவைப் பெயர் மாற்றாமல் விடுவது, வாய்க்கால் தூர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது ஆகியவையே அதன் தொடக்கம். இவற்றைத் தடுப்பது சிறு விவசாயியின் சக்திக்கு உட்பட்ட காரியம்தான்.

கிராமத்தின் சொத்து எது?

சொத்து என்றதும் பட்டா நிலமே நினைவுக்கு வரும். ஆனால் ஒரு விவசாயக் குடும்பம் அந்த நிலத்தை மட்டும் கொண்டு பிழைப்பதில்லை. ஏரி, வரத்துக்கால், மதகு, பாசன வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு, களத்துமேடு, வண்டிப்பாதை ஆகிய பொதுச் சொத்துகளும் சேர்ந்தால்தான் பட்டா நிலம் விளையும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதியை ஏரி மாவட்டம் என்று அழைப்பது இதனால்தான். இங்கு ஒரு ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் கடைசியில் செம்பரம்பாக்கம் ஏரியை அடைகிறது.

தொழிற்சாலைக்கு இடம் எடுக்கும்போது பட்டாதாரருக்கு இழப்பீடு கிடைக்கும். மேய்க்கால் போனால் மாடு வைத்திருப்பவருக்குத் தனியாக எதுவும் கிடைக்காது. பக்கத்து நிலம் விற்கப்பட்டு, சுற்றுச்சுவரால் வாய்க்கால் அடைபட்டால், விற்காத விவசாயியின் நிலம் தரிசாகும். சில ஆண்டுகள் தரிசாகக் கிடந்த நிலத்தை அதன் சொந்தக்காரரே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட நினைப்பார். ஆகவே பொதுச் சொத்தைக் காப்பது பட்டா நிலத்தைக் காப்பதற்குச் சமம்.

தாத்தா பெயரில் பட்டா

பல குடும்பங்களில் நிலம் மூன்றாம் தலைமுறையின் அனுபவத்தில் இருக்கும். பட்டா மட்டும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, வரப்புப் போட்டுப் பயிர் செய்வார்கள். விவசாயம் மட்டும் நடந்த காலத்தில் இதனால் தொல்லை இல்லை. கர்ணத்துக்கு யார் நிலம் எது என்று தெரியும். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டது. அதன் பின் வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் மாறுதலில் வந்து போகிறவர்கள். இப்போது பதிவேட்டில் உள்ளதே சாட்சி.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய பதிவேடுகள் திருத்தி எழுதப்பட்டன. அப்போது சில இடங்களில் பெயர் விடுபட்டும், புல எண் மாறியும், பரப்பு குறைந்தும் பதிவாயின. அந்தப் பிழைகள் இன்றும் திருத்தப்படாமல் பல பட்டாக்களில் இருக்கின்றன. நிலம் எடுக்கும் அறிவிப்பு பதிவேட்டில் உள்ள பெயருக்கே வரும். அந்தப் பெயர் இறந்தவருடையது என்றாலோ, வாரிசுகளுக்குள் தகராறு என்றாலோ, இழப்பீட்டுத் தொகை நீதிமன்றத்தில் செலுத்தப்படும். நிலம் உடனே போய்விடும். பணம் வழக்கு முடியும் வரை வராது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள தொல்லை அல்ல. இந்தோனேசியாவில் ஜகார்த்தா நகருக்குக் கிழக்கே பெக்காசி, காராவாங் பகுதிகளிலும் நெல் வயல்களுக்கு நடுவே தொழிற்பேட்டைகள் வந்தன. ஹூண்டாய் நிறுவனமே 2022-ல் பெக்காசியைச் சேர்ந்த சிக்காராங்கில் ஓர் ஆலையைத் திறந்தது. ஜாவாத் தீவின் கிராமங்களில் 'கிரிக்' என்னும் பழைய நிலவரிச் சீட்டையே மக்கள் உரிமைப் பத்திரமாக எண்ணி வந்தனர். 1960-ல் வந்த நிலச் சட்டம் பதிவு செய்த சான்றிதழே உரிமைக்கு ஆதாரம் என்றது. ஆனாலும் வெகுகாலம் பலர் வரிச் சீட்டோடு நின்றுவிட்டனர். 2017 முதல் அந்நாட்டு அரசு ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்து சான்றிதழ் வழங்கி வருகிறது. நம் ஊரில் கிஸ்தி ரசீதை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவருக்கும் இதில் பாடம் உண்டு. வரி கட்டிய ரசீது அனுபவத்தைக் காட்டுமே தவிர, உரிமையை முழுமையாக நிலைநாட்டாது.

எனவே இறந்தவர் பெயரில் பட்டா உள்ளவர்கள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் முதலில் பெற வேண்டும். பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவு அளந்து, தனிப்பட்டாவுக்கு மனுச் செய்ய வேண்டும். பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவற்றை வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையில் பார்க்கலாம். 2025-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவுக்கும் நில விவரம் சரியாக இருப்பது அவசியம்.

பாகப்பிரிவினையில் பெண் மக்களை விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 1989-ல் வந்த திருத்தம், அன்று திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு அளித்தது. 2005-ல் மத்திய அரசு செய்த திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதே உரிமையைத் தந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கா தங்கையின் கையெழுத்து இல்லாமல் நடக்கும் விற்பனை பின்னால் வழக்கில் சிக்கும். அவர்களுக்கு உரியதை முன்பே பேசி எழுதிக்கொள்வது குடும்பத்துக்கும் நல்லது, நிலத்துக்கும் நல்லது.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால்

முத்திரைச் செலவை மிச்சப்படுத்த, கொடுத்த விலையைவிடக் குறைத்துப் பத்திரம் எழுதும் பழக்கம் கிராமங்களில் உண்டு. இது சட்டப்படி தவறு. இதனால் ஊர் முழுவதற்கும் வரும் நஷ்டத்தைப் பலர் உணர்வதில்லை.

2014 ஜனவரி முதல் அமலில் உள்ள மத்திய நிலம் எடுப்புச் சட்டம் இழப்பீட்டைக் கணக்கிட மூன்று தொகைகளை ஒப்பிடச் சொல்கிறது. ஒன்று அரசின் வழிகாட்டி மதிப்பு. இரண்டாவது, அருகில் உள்ள அதே வகை நிலங்களுக்கு முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயங்களில், கூடுதல் விலை குறித்த பாதிப் பத்திரங்களின் சராசரி. மூன்றாவது, சில வகைத் திட்டங்களில் சம்மதத்தின் பேரில் ஒப்புக்கொண்ட தொகை. இவற்றுள் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. ஊரகப் பகுதியில் இதை 1 முதல் 2 வரை உள்ள ஒரு எண்ணால் பெருக்கி, அதற்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகச் சேர்த்துத் தர வேண்டும்.

உதாரணமாக, ஒரு ஊரில் சென்ட் ரூ.50,000-க்கு நிலம் கைமாறுகிறது என்றும், பத்திரங்களில் ரூ.20,000 என்று எழுதுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். வழிகாட்டி மதிப்பும் ரூ.20,000-க்கு மேல் இல்லை என்று கொள்வோம். 40 சென்ட் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் நிலம் எடுக்கப்படுகிறது. பெருக்கும் எண்ணை 1 என்றே கொண்டால், பத்திர விலைப்படி மதிப்பு ரூ.8 லட்சம், ஆறுதல் தொகையுடன் ரூ.16 லட்சம். உண்மை விலை எழுதப்பட்டிருந்தால் மதிப்பு ரூ.20 லட்சம், ஆறுதல் தொகையுடன் ரூ.40 லட்சம். யாரோ சிலர் முத்திரைச் செலவில் மிச்சம் பிடித்ததற்கு, நிலத்தை விற்காமல் வைத்திருந்தவர் ரூ.24 லட்சம் இழக்கிறார். எனவே வாங்கினாலும் விற்றாலும் உண்மை விலையையே எழுத வேண்டும். இதை ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்வது இன்னும் நல்லது.

பவர் பத்திரமும் முன்பணமும்

நிலத் தரகர்கள் முன்பணம் கொடுத்து, 'பவர்' எனப்படும் பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இப்பகுதிகளில் சாதாரணம். பவர் பத்திரம் மூலம் மட்டும் நில உரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பவர் பெற்றவர் அதைக்கொண்டு வேறொருவருக்குக் கிரயம் செய்ய முடியும். முழுப் பணம் கைக்கு வருமுன் நிலம் போய்விடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வெற்றுத்தாளிலும், முழுத்தொகை குறிக்காத ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை தம் புல எண்ணுக்கு வில்லங்கம் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் இதைப் பார்க்கலாம். தெரியாமல் ஏதும் பதிவாகி இருந்தால் உடனே கண்டுகொள்ளலாம்.

பஞ்சமி நிலம் வைத்திருப்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையை அடுத்து, 1892-ல் பிறந்த ஆணையால் கிடைத்த நிலம் இது. முதல் பத்தாண்டுகளுக்கு இதை யாருக்கும் மாற்றக் கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆதலால் இந்நிலத்துக்கு யாரேனும் பெரிய தொகை தருவதாக ஆசை காட்டினாலும் நம்பி இறங்கக் கூடாது.

நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தால்

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் 1997-ம் ஆண்டு மாநிலச் சட்டப்படி நடக்கிறது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பால் இது தடைபட்டது. அதே ஆண்டு மாநில அரசு கொண்டுவந்த சட்டத்தால் மீண்டும் உயிர் பெற்றது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மத்தியச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க ஆய்வு மாநிலச் சட்டத்தில் இல்லை. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு மத்தியச் சட்டத்தின் முறைப்படியே அமைய வேண்டும்.

அறிவிப்பு வந்தால் அதில் குறித்த கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரங்கள், நிற்கும் பயிர், மாட்டுக் கொட்டகை ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தர வேண்டும். இவற்றுக்கும் மதிப்பு உண்டு. அடங்கலில் பயிர் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பட்டத்திலும் பார்த்துக்கொள்வது இந்த நேரத்தில் கைகொடுக்கும். தொகை போதாது என்று கருதினால், எதிர்ப்புடன் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டு வாங்கி, நீதிமன்றத் தீர்வு கோரலாம்.

மத்தியச் சட்டம் குத்தகைக்காரர், வாரதாரர், விவசாயக் கூலியாள் குடும்பங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகக் கருதுகிறது; முந்தைய 3 ஆண்டுகள் அந்நிலத்தை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் வாய்மொழிக் குத்தகைக்கு ஆதாரம் இருப்பதில்லை. 1969-ம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ளலாம். பெண்களும், பட்டியல் இனத்தவரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். இதற்கு வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுக வேண்டும்.

நீரும் வழியும்

வரத்துக்கால்கள் அடைபட்டால் என்ன நேரும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி என்று இரண்டும் ஒரே ஊருக்கு வரும். ஏரியின் வரத்துக்கால் எங்கே தொடங்கி எந்தப் புல எண்கள் வழியாக வருகிறது என்பதை கிராம வரைபடத்தைப் பார்த்து ஆயக்கட்டுதாரர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆக்கிரமிப்பு தெரிந்தால் தாமதியாமல் மனுக் கொடுக்க வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ம் ஆண்டுத் தனிச் சட்டம் இருக்கிறது. கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்வதும் பயன் தரும். ஏரி வண்டலை வட்டாட்சியர் அனுமதியுடன் இலவசமாக எடுத்து வயலுக்கு இடலாம். ஏரியும் ஆழமாகும், மண்ணும் வளமாகும்.

வயலுக்குச் செல்லும் வழியையும் விட்டுவிடக் கூடாது. பக்கத்து நிலம் விற்பனைக்கு வரும்போதே வண்டிப்பாதை உரிமையை எழுத்தில் பெற வேண்டும். 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையுடன் பயன்படுத்திய பாதைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சுற்றுச்சுவர் எழும்பிய பிறகு கேட்பதைவிட அஸ்திவாரம் போடும்போதே கேட்பது சுலபம்.

பணம் கைக்கு வந்த பின்

நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஆலையில் வேலை கிடைத்தாலும், அதை நிலத்துக்கு ஈடாக நினைத்துவிடக் கூடாது. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஒன்பது ஆண்டுகள்கூட ஓடவில்லை. பின்னர் வேறு நிறுவனம் அங்கே வந்தது என்றாலும், இடையில் வேலை இழந்தவர்கள் பலர்.

கிடைத்த பணத்தில் வாடகை அறைகள் கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இதிலும் நிதானம் தேவை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த விடுதியில் மட்டும் 18,720 தொழிலாளர்கள் தங்கலாம். இத்தகைய விடுதிகள் பெருகினால் கிராமத்து அறைகளுக்குத் தேவை குறையக்கூடும். ஆகவே கடன் வாங்கி அதிக அறைகள் கட்டக் கூடாது. இருக்கும் கடனை முதலில் அடைத்து, ஒரு பகுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வங்கியில் வைப்பதும், முடிந்தால் பாசன வசதியுள்ள சிறிதளவு நிலமேனும் வேறிடத்தில் வாங்குவதும் நலம்.

மிச்ச நிலத்தில் என்ன செய்யலாம்?

ஆலைகளும் விடுதிகளும் உள்ள இடத்தில் உண்பவர்கள் அதிகம். இது சிறு விவசாயிக்குச் சாதகம். கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் 20 சென்ட்டைப் பாத்திகளாகப் பிரித்து, வாரம் ஒரு பாத்தி விதைத்தால், முளைக்கீரையை 25 நாட்களிலிருந்து தொடர்ந்து அறுக்கலாம். ஏரி நீர் உறுதியாக உள்ள இடத்தில் 105 முதல் 110 நாட்களில் முதிரும் கோ 51 நெல் ஏற்றது. மேய்க்கால் குறைந்துவிட்ட ஊர்களில் மாடுகளைக் கட்டி வைத்தே வளர்க்க வேண்டும். 10 சென்ட்டில் கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டால், முதல் அறுவடை 75 முதல் 80 நாட்களிலும், பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறையும் கிடைக்கும். நல்ல பாசனமும் எருவும் இருந்தால் இரண்டு மாடுகளின் பசுந்தீவனத் தேவைக்கு இது போதும்.

நிலம் பயிரோடு இருந்தால் அடங்கலில் பயிர் ஏறும். வாய்க்காலில் நீர் கேட்க ஆள் இருக்கும். குப்பையும் கட்டிட இடிபாடும் கொட்ட யாரும் துணிய மாட்டார்கள். தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

அடுத்த ஜமாபந்திக்குள் இந்த ஊர்களின் விவசாயிகள் நான்கு காரியங்களை முடித்துவிட வேண்டும். பட்டா யார் பெயரில் உள்ளது என்று பார்ப்பது, வில்லங்கம் பார்ப்பது, புலப்படத்தோடு எல்லைக்கற்களை ஒப்பிடுவது, வாய்க்காலையும் வண்டிப்பாதையையும் நடந்து பார்ப்பது. பிழை தெரிந்தால் ஜமாபந்தியிலேயே மனுக் கொடுக்கலாம். இதற்கு ஆகும் செலவு சில நாள் அலைச்சல்தான். நிலத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. பத்திரமும் தண்ணீரும் வழியும் சரியாக இருந்தால் அந்த முடிவை விவசாயியே எடுக்கலாம். இவை இல்லாவிட்டால் அதை வேறு யாரோ எடுத்துவிடுவார்கள்.